ரேஸுக்குப் போகும் பையனை வீட்டுக்குத் திருப்புவது எப்படி

முதலில் பின் டயரைப் பாருங்கள். பையன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, காலை வெளிச்சத்தில், குனிந்து உட்கார்ந்து பாருங்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் வண்டியின் டயரும் நடுவில்தான் முதலில் தேயும், ஆனால் அதற்கு நாளாகும். முன் டயர் புதுசு போல இருக்க, பின் டயர் மட்டும் சில மாதங்களிலேயே நடுவில் வழுக்கையாகி, மட்கார்டின் உள்பக்கம் ரப்பர் துகள் கரி போல அப்பியிருந்தால், அந்த வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கிளம்பியிருக்கிறது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல.

22 வருடமாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். இரவில் பொதுச்சாலையில் ரேஸ் விடும் பையன்களின் வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. சில வண்டிகள் விழுந்த பிறகு வந்தன. என் அக்கா மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தான். அவனை அதிலிருந்து வெளியே கொண்டுவர எங்களுக்கு ஒன்றேகால் வருடம் ஆனது. அதில் முதல் ஆறு மாதம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்காவது அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும்.

வண்டி சொல்லிவிடும்

டயருக்கு அப்புறம் சைலன்சர். சத்தத்தை அடக்க அதற்குள் பேஃபில் என்று ஒன்று இருக்கும். அதை உருவி எடுத்துவிட்டால் வண்டி தெருவையே எழுப்பும். இதனால் வேகம் கூடும் என்று பையன்கள் நம்புகிறார்கள். சின்ன எஞ்சினில், எரிபொருள் போகும் அளவை அதற்கேற்ப மாற்றாமல் வெறும் பேஃபிலை மட்டும் உருவினால் பெரும்பாலும் இழுவை குறையத்தான் செய்யும். கூடுவது சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தம்தான் அவர்களுக்கு வேண்டும் என்பது எனக்குப் புரியவே பல வருடமாயிற்று.

பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களை எண்ணுங்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை பல் இருக்க வேண்டும் என்று நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பல் குறைந்திருந்தால் நேர்ச்சாலையில் உச்ச வேகத்துக்காக மாற்றியிருக்கிறார்கள். கூடியிருந்தால் சட்டென்று கிளம்பவும் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டவும். நம்பர் பிளேட் மேல்பக்கமாக மடங்கியிருக்கிறதா, இரண்டு கண்ணாடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணாடியைப் பையன்கள் அழகுக்காகவும் கழற்றுவார்கள், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் பல்பைச் சோதியுங்கள். பல்ப் நன்றாக இருந்து, சுவிட்சுக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தால் அது பழுது இல்லை. துரத்தி வருபவர்களுக்கு இவன் எங்கே வேகத்தைக் குறைக்கிறான், எங்கே திரும்பப் போகிறான் என்று தெரியக் கூடாது என்பதற்காகச் செய்வது. எனக்கு மிகவும் கோபம் வருவது இதைப் பார்க்கும்போதுதான். பின்னால் வரும் லாரிக்காரருக்கும் அது தெரியாதே.

ராத்திரி படுக்கப் போகும்போது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், காலையில் மறுபடி பாருங்கள். பழைய வண்டிகளில் மீட்டர் கேபிளை முன் சக்கரத்தருகே கழற்றிவிட முடியும், அப்போது எண் நகராது. ஆனால் பெட்ரோல் குறையும். பையனின் உடம்பையும் கவனியுங்கள்: கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட வடு, முழங்கையிலும் இடுப்பெலும்பின் மேலும் சாலை உரசிய சிராய்ப்பு, வெயிலிலும் முழுக்கைச் சட்டை. என் அக்கா மகன் மூன்று வாரம் வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அக்கா அதைப் பார்த்து, பையன் திடீரென்று ஒழுங்காக உடுத்துகிறான் என்று சந்தோஷப்பட்டாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழில் ஆரம்பித்த காலத்தில் ஒரு பையனுக்கு நானே பேஃபிலை உருவிக் கொடுத்திருக்கிறேன். கேட்டான், செய்தேன், காசு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து அந்த வண்டி ஒரு வேனில் ஏற்றப்பட்டு என் பட்டறைக்கு வந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எஞ்சினுக்குள் போயிருந்தது. பையன் பிழைத்தான், ஒரு கால் முன்போல இல்லை. பேஃபிலால் அவன் விழவில்லை என்று பல பேர் எனக்குச் சொன்னார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் அவன் எதற்காக அதைக் கேட்டான் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எதற்குப் போகிறான் என்று தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்

வேகத்துக்காகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வழி தவறிவிடும். நாங்கள் அப்படித்தான் தவறினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் அவன் வண்டிச் செயினை டீசல் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். பழைய பல் துலக்கும் பிரஷ் அவன் கையில், துணி என் கையில். இரண்டு பேர் கண்ணும் செயினில் இருந்ததால் முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. “போன வாரம் எத்தனாவது வந்தே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பிரஷ் மட்டும் ஓடியது.

“நாலாவது, மாமா.”

“எத்தனை பேர்ல?”

“அஞ்சு பேர்ல.”

அப்புறம் அவனாகவே சொன்னான். “முதல்ல வரணும்னெல்லாம் எனக்கு இல்ல மாமா. கடைசியா மட்டும் வரக் கூடாது. கடைசியா வந்தா அடுத்த தடவை எங்க கூடுறாங்கன்னு எனக்குப் போன் வராது.”

ஆறு மாதம் நாங்கள் திட்டியும் கெஞ்சியும் தெரிந்துகொள்ளாதது அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. அந்த வருடம் அவனுக்கு இரண்டு பாடம் நின்றுபோயிருந்தது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவன் ஒரு கவலை. ராத்திரி பதினொரு மணிக்கு அவனுக்காகக் காத்திருக்கும் இடம் அந்தக் கூட்டம் ஒன்றுதான். அங்கே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மலேசியாவில் மாட் ரெம்பிட் என்று சொல்லப்படும் பையன்கள் விலை உயர்ந்த பெரிய வண்டியில் போவதில்லை. காப்சாய் என்கிற சின்ன எஞ்சின் வண்டியில், இருக்கை மேல் குப்புறப் படுத்து, காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு பறக்கிறார்கள். அதற்கு சூப்பர்மேன் என்று பெயர். வேகத்துக்காக மட்டும் என்றால் அப்படிப் படுக்கத் தேவையில்லை. பார்க்க ஆள் இருப்பதால்தான் படுக்கிறார்கள். ஜப்பானில் போசோசோகு என்ற கூட்டங்கள் இருந்தன. பெரும்பாலும் 16 முதல் 20 வயதுக்குள் இருப்பவர்கள். கொடி, எம்பிராய்டரி போட்ட நீளச் சட்டை, தலைவன், வரிசை என்று எல்லாம் உண்டு. சேர்ந்து அபாயமாக ஓட்டுவதையே குற்றமாக்கி 1978-ல் அங்கே சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்புறமும் எண்ணிக்கை ஏறி, 1982-ல் 42,000-ஐத் தாண்டியது. பிறகுதான் இறங்கத் தொடங்கியது. சட்டம் வேண்டும், ஆனால் ஒரு பையனுக்கு அந்தக் கூட்டம் கொடுப்பதைச் சட்டம் கொடுக்காது. இருபது வயதானதும் பலர் தாங்களாகவே விலகினார்கள். பெரியவர்களுக்குரிய தண்டனை வரும் என்பது ஒரு காரணம். வேலை, குடும்பம் என்று நிற்க வேறு இடம் கிடைத்துவிடுவது இன்னொரு காரணம்.

கூட்டம் பார்த்தால் பையன் ஏன் மாறுகிறான் என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு பேர் 2005-ல் வெளியிட்ட சோதனை. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று கொடுத்து, சிலரைத் தனியாகவும் சிலரை நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும் ஆட வைத்தார்கள். தனியாக இருந்தபோது வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது. 18 முதல் 22 வயதுக்காரர்களுக்கும் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு மாறவே இல்லை. நீங்கள் தனியாகப் பேசும்போது உங்கள் பையன் “சரிப்பா, போக மாட்டேன்” என்று சொல்வது பொய் இல்லை. அந்த நேரத்தில் அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான். ராத்திரி நான்கு பேர் வந்து நின்றதும் நிலைமை மாறிவிடுகிறது.

செல்போன் வந்த பிறகு பார்க்கிறவர்கள் நான்கு பேரோடு நிற்பதும் இல்லை. வண்டி நிற்பதற்குள் வீடியோ ஏறிவிடுகிறது. பந்தயப் பணமும் சேர்ந்துவிட்டால் அது வேறு நிலைமை, அதைப் பின்னால் சொல்கிறேன். அப்புறம், கசப்பாக இருந்தாலும் ஒன்று: வீட்டில் அப்பா சிக்னலில் நிற்காதவர், ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்து ஓட்டுகிறவர் என்றால், பையனிடம் பேசுவதற்கு முன்னால் அவர் ஒரு மாதம் ஒழுங்காக ஓட்டிக் காட்டட்டும். இதை நான் பல அப்பாக்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் செய்த தப்புகள்

முதல் தப்பு, வண்டியை விற்றது. அக்கா ஒரே நாளில் விற்றுவிட்டாள். நானும் சரி என்றேன். பத்து நாள் வீட்டில் இருந்தான். அப்புறம் மற்றவர்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போக ஆரம்பித்தான், சில சமயம் இரவல் வாங்கி ஓட்டினான். சொந்த வண்டியின் பிரேக் எவ்வளவு பிடிக்கும், கிளட்ச் எங்கே கவ்வும் என்று கைக்குத் தெரியும். இரவல் வண்டியில் அது தெரியாது. ஆறாவது வாரம் அப்படி ஒரு வண்டியிலிருந்து விழுந்து காறை எலும்பு உடைந்தது. வண்டியைப் பிடுங்கினால் ரேஸ் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். வண்டி நம் கண்ணில் படுவது மட்டும்தான் நின்றுபோகும். ஒரே விதிவிலக்கு, உரிமம் எடுக்கும் வயதே ஆகாத பிள்ளை. அங்கே பேச்சுக்கு இடமில்லை, சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு, பயமுறுத்தல். விபத்து வீடியோக்களைக் காட்டினோம். தெரிந்த ஒரு போலீஸ்காரரைக் கொண்டு மிரட்டினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான், அன்று ராத்திரியே போனான். அமெரிக்காவில் 1970-களில் நியூ ஜெர்சியில் ராவே சிறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை வைத்துக் கத்த வைத்துத் திருத்தப் பார்த்தார்கள். பல ஊர்களில் அதே மாதிரி நடந்தது. பிற்பாடு அந்தத் திட்டங்களை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் போய்வந்த பிள்ளைகள்தான் அதிகம் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். மிரட்டலைத் தாங்கினேன் என்பதே அவர்களுக்கு ஒரு பெருமையாகிவிடுகிறது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பேசியது. “உன் கூடப் படிச்சவனெல்லாம்” என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் வீட்டில் பேசாதீர்கள். அந்த வாக்கியத்திலிருந்து தப்பிக்கத்தான் அவன் ராத்திரி வெளியே போகிறான்.

வேலை செய்த வழிகள்

பேசுவதற்கு நேரமும் இடமும் முக்கியம். அவன் திரும்பி வந்த அந்த ராத்திரி பேசாதீர்கள். அவனுக்கு உடம்பு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும், உங்களுக்குக் கோபம் தலையில் இருக்கும். கதவைத் திறந்து, அடிபட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள். வண்டி கழுவுவது நல்லது. அவனுக்கு உங்களைவிடத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கேட்டு ஆரம்பியுங்கள்: யார் முன்னால் போவார்கள், கிளம்பச் சொல்வது யார், ஜெயித்தால் யாரிடம் முதலில் சொல்வாய். பதிலுக்கு எதுவும் சொல்லாமல் கேட்பது கஷ்டமாக இருக்கும். நான் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. எனக்குத் தெரிந்து அவன் மனதை முதலில் அசைத்தது இதுதான். வாகனமே வராத ஒரு திறந்த மைதானத்துக்கு இருட்டிய பிறகு போனோம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கை டிம்மில் வைத்தோம். அவன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். நான் கருநீலச் சட்டையோடு வெளிச்சத்தில் நேராக நடந்துபோனேன், வாய்விட்டு அடியை எண்ணிக்கொண்டே. என்னைத் தெரியாமல் போகும் நொடியில் நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. 58-வது அடியில் கத்தினான். என் அடி முக்கால் மீட்டர். ஏறக்குறைய 43 மீட்டர்.

திரும்பி வந்து மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடும். ஒன்றைக் கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி வைத்தால், அதற்குள் 42 மீட்டர் போயிருக்கும். அதாவது அவன் பிரேக்கைத் தொடுகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். அதற்கு மேல், நல்ல டயர், காய்ந்த சாலையாக இருந்தாலும் வண்டி நிற்க இன்னும் 55 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் நூறு மீட்டர் அளவு. 60 கிலோமீட்டரில் மொத்தமே 45 மீட்டர்தான். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று பள்ளியிலேயே படித்திருப்பான், ஆனால் இருட்டில் மாமா மறைந்துபோனதைப் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். “உங்களை அடிச்சிருப்பேன்ல?” என்றான். நான் பதில் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றேன். இந்தச் சோதனையை நீங்கள் செய்யும்போது நடப்பவர் அவன் நேசிக்கிறவராக இருக்கட்டும். ஓடும் வண்டியை வைத்து மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அப்புறம் இரவு. புதிதாக இன்னொரு வண்டி வாங்கியபோது சாவியை ஒளித்துவைக்கவில்லை. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை சாவி எல்லோருக்கும் தெரியும்படி ஒரு ஆணியில் தொங்கும், எடுத்தால் எடுத்தவர் எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த விதி அவன் அப்பாவுக்கும் உண்டு. அவனுக்கு மட்டும் என்றிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. பெட்ரோலுக்கும் டயருக்கும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அதற்காகச் சத்தமும் போடாதீர்கள். பிரேக் கட்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் கேட்டால் அன்றே கொடுங்கள்.

ஹெல்மெட் போடச் சொன்னால் ரேஸுக்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடுமோ என்று அக்கா தயங்கினாள். தயங்காதீர்கள். அவன் முழுதாக நிறுத்தும்வரை உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, ஹெல்மெட் இறப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொன்னது. முகம் முழுவதும் மூடுவதாக, தாடைப் பட்டை இறுகுவதாக வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடிக்குத்தான்.

இன்னொரு ஒப்பந்தம், எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நேரமானாலும், எங்கிருந்தாலும், “வந்து கூட்டிட்டுப் போங்க” என்று போன் செய்தால் போவோம். அன்றைக்கு ஒரு கேள்வி கிடையாது, திட்டு கிடையாது. கூட்டத்திலிருந்து நடுவில் விலக வேண்டும் என்று தோன்றும் பையனுக்குப் பெரும்பாலும் வழி இருக்காது. வீட்டுக்குச் சொன்னால் அடி, சொல்லாவிட்டால் ரேஸ். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும்.

இதெல்லாம் செய்தும் அந்தக் கூட்டத்துக்குப் பதில் வேறு ஒரு கூட்டம் கிடைக்காவிட்டால் நிற்காது. எங்கள் பையனுக்கு வண்டி பிடிக்கும் என்பது பொய் இல்லை. அதனால் வண்டியை விட்டு விலக்காமல் வண்டி பக்கமே இழுத்தேன். மாலை ஆறு மணிக்குப் பட்டறைக்கு வரச் சொன்னேன். முதல் மாதம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். மூன்றாவது மாதம் ஒரு எஞ்சினைப் பிரித்து வால்வு இடைவெளி வைத்துச் சேர்த்தான். வாடிக்கையாளர் ஒருவர் “அந்தத் தம்பிகிட்டயே குடுங்க, நல்லா செஞ்சான்” என்று அவன் காதுபடச் சொன்னார். நான் அதுவரை செய்த எல்லாவற்றையும்விட அந்த வாக்கியம் அதிக வேலை செய்தது. உங்கள் வீட்டில் பட்டறை இருக்காது. ஆனால் ஏதோ ஒரு இடத்தில் அவன் பெயரைச் சொல்லி யாராவது பாராட்ட வேண்டும், அதை அவனுக்குச் சமவயதுக்காரர்கள் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேடுவதில் செலவழியுங்கள்.

வேகம்தான் உண்மையாகவே ரத்தத்தில் இருக்கிறது என்றால் அதற்குரிய பாதை இருக்கிறது. மலேசியாவில் செபாங், தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே செட்டிப்பாளையம் என்று முறையான பந்தயப் பாதைகள் உண்டு. எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், ஓரத்தில் விழுந்து உருள இடம் இருக்கும், ஆம்புலன்ஸ் நிற்கும். பாதுகாப்பு உடுப்பு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். செலவு ஆகும், எல்லா வீட்டாலும் முடியாது, அது எனக்குத் தெரியும். ஒரு நாள் பார்வையாளராகவாவது கூட்டிப் போங்கள். நிஜமான பந்தய வீரர்கள் ஒரு வளைவுக்கு எத்தனை முறை பயிற்சி எடுக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, தெருவில் முறுக்குவதை எங்கள் பையன் திறமை என்று சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

சட்டத்தை மிரட்டலாக வைக்காமல் தகவலாக, சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு. அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை, அல்லது 10,000 ரூபாய் வரை, அல்லது இரண்டும். ஓட்டியது 18 வயதாகாத பிள்ளை என்றால் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் பையன் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. “அப்ப அம்மாவப் பிடிச்சிருப்பாங்களா?” என்று கேட்டான். அவன் பதினாறு வயதிலேயே அக்கா பெயரில் இருந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்தவன்.

பணம் வைத்து ஆடும் ரேஸாக இருந்தால், யாரோ பெரியவர் ஒருவர் பையன்களை ஓடவிட்டுப் பந்தயம் கட்டுகிறார் என்று தெரிந்தால், அது வீட்டுக்குள் பேசித் தீரும் விஷயம் இல்லை. தோற்ற கடனுக்காகவே பையன் அடுத்த ரேஸுக்குப் போக வேண்டியிருக்கும். எவ்வளவு கடன் என்று கேளுங்கள், வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், காவல் நிலையத்துக்குப் பையனைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.

விழுந்தவன் பக்கத்தில் நிற்க வேண்டும்

இதை எல்லாப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், ரேஸுக்குப் போகிறவனோ இல்லையோ. யாராவது விழுந்தால் மற்றவர்கள் போலீஸுக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள். ஓடக் கூடாது. முதலில் வண்டிகள் வரும் பக்கம் ஒருவர் விளக்கோடு நின்று மறிக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் வாகனம் எல்லோரையும் அடித்துவிடும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். விழுந்தவன் மூச்சு விடுகிறான் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, தூக்கி உட்கார வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு அசைவு அவனைப் படுக்கையில் போட்டுவிடும். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி, ஆள் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சே இல்லை என்றால் மட்டும், கழுத்து அசையாமல் ஒருவர் தாங்க இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றலாம்.

என் தொழில்காரர்களுக்கும் ஒன்று. பிரேக் விளக்கைத் துண்டிக்கவோ, நம்பர் பிளேட்டை மடக்கவோ ஒரு பையன் வந்தால் செய்யாதீர்கள். முடியாது என்று விரட்டியும் விடாதீர்கள், அவன் அடுத்த கடைக்குப் போவான். உட்கார வைத்து, எதற்கு என்று கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், மீதிப் பேர் பேசுவார்கள்.

திரும்பவும் போவான், அதற்குத் தயாராக இருங்கள். எங்கள் பையன் பட்டறைக்கு வர ஆரம்பித்து ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி ஆணியில் சாவி இல்லை. யாரையும் எழுப்பவில்லை. ஒன்று நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது. “மாமா, வர்றீங்களா?” அவ்வளவுதான் சொன்னான். போனேன். சாலையோரத்தில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். தூரத்தில் மற்றவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடிபட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அவன் முன்னால் ஓட்டினான், 40-ஐத் தாண்டாமல், நான் பின்னாலேயே வந்தேன். அவன் வண்டியின் பிரேக் விளக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் எரிந்தது.